எந்தப் பையில் எது? உரை விளையாட்டில் பைகளுக்கும் பெட்டிகளுக்கும் லேபிள் ஒட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் ஆறேழு பேர் கூடி உரை விளையாட்டு, அதாவது படமில்லாமல் எழுத்தாலேயே ஆடும் கணினி விளையாட்டு, ஆடுகிறோம். தொடக்கக் கல்லூரி மாணவர்கள் இருவர், தேசிய சேவையிலிருந்து வார இறுதிக்கு வெளியே வரும் தம்பி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மற்றவர்கள் என்னைப்போல அலுவலகம் போகிறவர்கள். ஆடுவது இரண்டு வகை. வெளிநாட்டுச் சர்வர்களில் ஓடும், பலர் சேர்ந்து ஆடும் பழைய ஆங்கில மட் விளையாட்டுகள் ஒன்று. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட எவெனியா என்ற இலவசக் கட்டமைப்பை வைத்து நாங்களே செய்துகொண்ட சின்னத் தமிழ் விளையாட்டு இன்னொன்று.

புதிதாக யார் வந்தாலும் முதல் மாதத்தில் அரக்கனை எப்படிக் கொல்வது என்று கேட்பதில்லை. பையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டி விரல் தேய்ந்ததால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஆங்கில விளையாட்டில் அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

படமே இல்லாத கேம்ல பெட்டி எங்கண்ணே இருக்கு?

எழுத்தில்தான் இருக்கிறது. நீங்கள் "வடக்கே போ" என்று தட்டினால் அடுத்த அறையின் வருணனை வரும். "பையைத் திற" என்றால் பை திறந்ததாக ஒரு வரி வரும். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த மட்தான் இந்த வகைக்கே பெயர் கொடுத்தது. பலர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்தில் எழுத்தாலேயே நடமாடுவது அதிலிருந்து வந்த பழக்கம்.

விளையாட்டின் கணக்கில் பை என்பது உள்ளே இடம் உள்ள ஒரு பொருள், அவ்வளவே. பிணமும் அப்படித்தான். பூதம் செத்ததும் அதன் உடலுக்குள் "லுக் இன்" போட்டுப் பார்ப்பது இதனால்தான். முதல் தடவை செய்யும்போது கொஞ்சம் அருவருப்பாக இருக்கும், பழகிவிடும்.

எதுக்கு லேபிள்? ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதாதா?

நான்கைந்து பொருள் வரைக்கும் போதும். 1970களில் வில் க்ரவுதர் எழுதி டான் வுட்ஸ் விரிவாக்கிய குகை விளையாட்டில் ஒரே சமயத்தில் ஏழு பொருளுக்கு மேல் தூக்க முடியாது. அங்கே லேபிளுக்கு வேலையே இல்லை. இப்போதைய விளையாட்டுகளில் மூலிகை, மருந்து, அம்பு, தோல், தாது, சமையல் சாமான் என்று ஒரு மாதத்தில் இருநூறு பொருள் சேர்ந்துவிடுகிறது. படம் உள்ள விளையாட்டில் சிவப்புக் குப்பியைக் கண் தானாகக் கண்டுபிடிக்கும். இங்கே கண்ணுக்குக் கிடைப்பது "ஒரு தோல் பை, ஒரு தோல் பை, ஒரு தோல் பை" என்ற மூன்று வரிகள்தான்.

என் கதையைச் சொல்கிறேன். சிலந்திக் குகையில் விஷம் ஏறி உயிர் குறைந்துகொண்டிருந்தது. முதல் பையில் மருந்து தேடினேன், கருவாடு. இரண்டாவதில் தேடினேன், அம்பு முனைகள். மூன்றாவதைத் திறக்கும் கட்டளையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனேன். மருந்து மூன்றாவதில்தான் இருந்தது, ஒன்பது குப்பி.

லேபிள்னா சீட்டு எழுதி ஒட்டுறதா? கேம்ல அத எப்படிச் செய்றது?

விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். சிலவற்றில் அதற்கென்றே கட்டளை உண்டு. சிலவற்றில் தையல்காரர், செதுக்குபவர் போன்ற பாத்திரத்திடம் காசு கொடுத்துப் பையின் வருணனையையே மாற்றிக்கொள்ளலாம். வேறு சிலவற்றில் விளையாட்டை நடத்துபவரிடம் கேட்க வேண்டும். முதலில் "ஹெல்ப்" பக்கத்தில் லேபிள், டேக், ரீநேம், என்கிரேவ் என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமல் என்னிடம் வருகிறார்கள்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த விளையாட்டுகளில் ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் உண்டு. திரையில் தெரியும் வருணனை ஒன்று, கட்டளையில் நீங்கள் தட்டும் குறிச்சொல் இன்னொன்று. வருணனையை மட்டும் "மருந்துப் பை" என்று மாற்றிக் குறிச்சொல்லை "பேக்" என்றே விட்டுவிட்டால், பார்க்க அழகாக இருக்கும், தட்டினால் வேலை செய்யாது. லேபிள் ஒட்டியாயிற்று என்று சொல்வதற்கு முன் அந்தப் பெயரைத் தட்டி ஒரு பொருளை எடுத்துப் பாருங்கள்.

எங்க கேம்ல லேபிளே ஒட்ட முடியாதே, அப்ப?

வெவ்வேறு சாதி கொள்கலன் வாங்குங்கள். இதைவிட மலிவான வழி கிடையாது. மூன்று தோல் பைக்குப் பதிலாக ஒரு பை, ஒரு கூடை, ஒரு சாக்கு, ஒரு சுருக்குப்பை. பெயர்ச்சொல்லே லேபிளாகிவிடும். தேக்கா சந்தையில் மீன் ஒரு நிறப் பையிலும் பூ வேறு நிறப் பையிலும் வந்தால் வீட்டில் யாரும் குழம்புவதில்லை அல்லவா, அதே சங்கதிதான்.

அகேயா போன்ற சில விளையாட்டுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் உண்டு. கையில் இருப்பதைக் காட்டும் இன்வென்டரிப் பட்டியலில் அதைப் பார்க்கலாம். அந்த எண் மாறாது. ஆனால் ஐந்தாறு இலக்க எண்ணை யாரும் சண்டையில் நினைவிலிருந்து தட்டப்போவதில்லை. அதை ஒரு சுருக்கத்துக்குள் வைக்க வேண்டும், பின்னால் சொல்கிறேன்.

"2.பேக்"னு போட்டா நேத்து மருந்து வந்துச்சு, இன்னிக்கு மீன் வருது. கேம்ல பக் இருக்கா?

பக் இல்லை. டிக்குமட் என்பது 1990 வாக்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித்துறை மாணவர்கள் எழுதிய ஒரு மட். அதன் வழிவந்த நூற்றுக்கணக்கான விளையாட்டுகளில் "2.பேக்" என்றால் பட்டியலில் இரண்டாவதாக வரும் பை. அந்தப் பட்டியலில் கடைசியாகக் கைக்கு வந்த பொருள் முதலில் போய் நிற்கும். நீங்கள் நேற்று இரவு ஒரு பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்திருப்பீர்கள், அல்லது புதிதாக ஒன்று வாங்கியிருப்பீர்கள். அது ஒன்றாம் எண்ணுக்குப் போய்விட்டது, மற்றவை ஒவ்வொன்றும் ஒரு படி இறங்கின.

ஆக எண் என்பது பேருந்து நிறுத்தத்தில் வரிசையில் நிற்கிற இடம் மாதிரி, அடையாள அட்டை மாதிரி அல்ல. அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். நம்பி இருக்கக்கூடாது.

சரி, ஒட்ட முடியும்னு வச்சுக்குவோம். என்ன பேர் வைக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் முதலில் செய்வது பொருளின் வகையைப் பெயராக வைப்பது: மூலிகை, உலோகம், உணவு, ஆயுதம். கடைக்காரருக்கு அது சரி. முஸ்தபா சென்டரில் அடுக்கு அடுக்காக அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் யார் எதைத் தேடி வருவார்கள் என்று கடைக்குத் தெரியாது. உங்கள் பையைத் தேடி வருபவர் நீங்கள் ஒருவர்தான், எப்போது தேடுவீர்கள் என்றும் உங்களுக்கே தெரியும்.

அதனால் எந்த நேரத்தில் கை வைப்பீர்களோ அந்த நேரத்தின் பெயரை வையுங்கள். "சண்டை" என்ற பையில் மருந்தும் இருக்கும், விஷமுறிவு வேரும் இருக்கும், தப்பியோடும் மந்திரச் சுருளும் இருக்கும். மூன்றும் மூன்று வகை, தேவைப்படும் நிமிடம் ஒன்று. "விற்க" என்ற பையில் தோலும் பல்லும் பழைய கத்தியும் சேர்ந்து கிடக்கட்டும். கடைக்குப் போனதும் மொத்தமாகக் கொட்டினால் போதும். "பட்டறை" என்றால் பட்டறையில் நிற்கும்போது திறப்பது. சிலந்திக் குகையில் நான் செத்தது பையில் ஒழுங்கு இல்லாததால் அல்ல. மூன்று பையும் வகை வாரியாக ஒழுங்காகத்தான் இருந்தன.

இன்னொன்று, பெயர்கள் முதல் எழுத்திலேயே பிரிய வேண்டும். க்ரவுதரின் விளையாட்டு ஒரு சொல்லின் முதல் ஐந்து எழுத்தை மட்டுமே பார்க்கும். சோர்க் முதலான தொடக்க கால இன்ஃபோகாம் நிறுவன விளையாட்டுகள் முதல் ஆறை மட்டும் பார்க்கும். இன்றும் பல மட்களில் முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினாலே போதும், மிச்சத்தை விளையாட்டே ஊகித்துக்கொள்ளும். "மருந்து-பெரிய", "மருந்து-சிறிய" என்று வைத்தால் அந்த வசதி முழுக்க வீண். ஒன்றை "சண்டை", மற்றதை "வீடு" என்று வையுங்கள்.

எத்தனை பை வச்சுக்கலாம்?

சுமந்து திரிவது ஐந்து. ஆறாவது வேண்டும் என்று தோன்றினால் இருக்கும் ஐந்தில் ஒன்று வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

பைக்குள்ள பை போட்டா நல்லா ஒழுங்கா இருக்குமே?

இருக்கும், விளையாட்டு விட்டால். டிக்குமட்டிலிருந்து கிளைத்த ராம் வழி விளையாட்டுகளில் உள்ளே வைத்ததன் எடையைக் குறைத்துக் காட்டும் மாயப் பைகள் உண்டு. அவற்றை இன்னொரு பைக்குள் வைக்கப் போனால் அது நல்ல யோசனையாகத் தோன்றவில்லை என்று சொல்லி மறுத்துவிடும். எடையே இல்லாமல் மலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள் என்ற பயம்.

எண்ணிக்கைக் கணக்கும் மாறும். டிக்குமட்டின் இன்னொரு கிளையான சர்க்கிள்மட் வழியில் ஒரு பை, உள்ளே எத்தனை இருந்தாலும், கையில் ஒரு பொருள்தான். எடை மட்டும் ஏறும். ராம் வழியில் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் உங்கள் கணக்கில் சேரும், பையைத்தான் எண்ணாது. ஒன்றில் பழகிவிட்டு மற்றதற்குப் போனவர்கள் "பைதான் காலியா இருக்கே, ஏன் தூக்க முடியலங்குது" என்று கேட்பது இதனால்தான். கேட்டுப் பார்த்தால், காலியான பைக்குப் பக்கத்திலேயே நிறைந்த பை ஒன்று இருக்கும்.

மற்றபடி அடுக்குக்குள் அடுக்கு என்றால் எடுக்கும்போது இரண்டு கட்டளை. வீட்டுப் பெட்டிக்குப் பரவாயில்லை. "சண்டை"க்குள் எதையும் அடுக்காதீர்கள்.

"மிச்சம்"னு ஒரு பெட்டி வச்சுக்கிட்டா தப்பா?

தப்பில்லை. புதிய வீவக வீடுகளில் எல்லாம் அது இருக்கிறது, பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பறைதான் அது. பழுதான மின்விசிறி, போன தீபாவளி அலங்கார விளக்கு, யாரோ கொடுத்த பயணப்பெட்டி எல்லாம் அங்கே. பிரச்சினை அந்த அறை இருப்பதால் இல்லை, அதற்குள் போனது திரும்பி வராததால்தான். "மிச்சம்" என்பதற்குப் பக்கத்தில் மாதத்தையும் எழுதுங்கள்: "மிச்சம்-மார்ச்". மே மாதமும் திறக்கவில்லை என்றால் திறந்து பார்க்காமலே விற்றுவிடலாம். நான் ஒருமுறை அப்படி விற்றதில் ஒரு நல்ல மோதிரம் போய்விட்டது. அப்படியும் இதைத்தான் சொல்வேன்.

விளக்கை எந்தப் பையில வைக்கணும் அண்ணே?

எதிலும் வேண்டாம். கையில் பிடியுங்கள், மாற்று விளக்கைக்கூடப் பைக்கு வெளியே வையுங்கள். பல டிக்கு வழி விளையாட்டுகளில் இருட்டு அறையில் உங்கள் சொந்தப் பையே உங்களுக்குத் "தெரியாது", அதாவது பெயர் சொன்னாலும் அப்படி ஒரு பை இல்லை என்று சொல்லிவிடும். விளக்கு உள்ளே, பை இருட்டில், நீங்கள் நடுவில். எவ்வளவு நல்ல லேபிளும் அங்கே உதவாது.

பேரைத் தமிழ்லயே வைக்கலாமா?

எங்கள் விளையாட்டில் தாராளமாக. வெளிநாட்டுப் பழைய மட்களில் பெரும்பாலும் முடியாது. அவை ஆங்கில எழுத்தை மட்டும் எதிர்பார்த்து எழுதப்பட்டவை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூடிஎஃப்-8 குறியீட்டு முறையை ஏற்கும் விளையாட்டாக இருந்தாலும் நீள வரம்பைப் பாருங்கள். "மருந்து" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது ஏழு குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. லேபிளுக்கு 20 பைட்தான் என்று எழுதியவர் ஒருவர் இருந்தால் உங்கள் கடைசி உகரம் பாதியில் வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியோ சின்னக் கட்டமோ நிற்கும்.

பட்டியலில் வரிசைகள் கோணலாகத் தெரிவதும் இதன் தம்பிதான். கட்டங்கள் எல்லாம் ஒரே அகலம் என்ற நம்பிக்கையில் செய்த திரையில் தமிழ் எழுத்து அப்படி அடங்காது. பழகிக்கொள்ளுங்கள்.

தமிழ்ல சரியாத்தான் தட்டுறேன், ஆனா "அப்படி ஒரு பெட்டி இல்லை"ங்குது. எழுத்துக்கு எழுத்து ஒண்ணாத்தானே இருக்கு?

கண்ணுக்கு ஒன்றாக இருக்கிறது. "ொ" என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. "பொருள்" என்று ஒருவர் கைப்பேசியில் லேபிள் ஒட்டி, இன்னொருவர் வேறு விசைப்பலகையில் தேடினால் இரண்டும் வேறு சொல்லாகிவிடலாம். எங்கள் விளையாட்டில் உள்ளே வரும் எல்லாச் சொல்லையும் முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரி சேர்த்தபின் இந்தத் தொல்லை தீர்ந்தது. பைத்தானில் அதற்குத் தயாராகவே ஒரு வசதி உண்டு. நீங்கள் சொந்தமாக விளையாட்டு எழுதினால் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

அந்த ஒரு வரியாலும் தீராத ஒன்று உண்டு. எங்கள் ஆசிரியை அம்மா மருந்துப் பெட்டிக்கு அழகாக "ஔடதம்" என்று பெயர் வைத்தார். தேசிய சேவைத் தம்பி ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டித் தேடினார். கணினிக்கு அது "ஒ-ள-ட-த-ம்", எந்த மாற்றமும் அதைச் சரிசெய்யாது. அம்மா எழுத்துப்பிழை என்றார், தம்பி பழைய சொல் என்றார். பெட்டிக்கு இப்போது பெயர் "சண்டை".

நம்ம தமிழ் கேம்ல "குடத்திலிருந்து எடு"ன்னா புரியலங்குது. "பையிலிருந்து எடு"ன்னா புரியுது. ஏன்?

உருபு ஏறும்போது சொல்லே மாறிவிடுகிறது. பை, பெட்டி, கூடை எல்லாம் ஒரு யகரத்தை ஏற்றுக்கொண்டு அப்படியே நிற்கும்: பையில், பெட்டியில், கூடையில். குடம் அப்படி அல்ல, மகரம் போய் "குடத்தில்" ஆகிறது. வீடு "வீட்டில்" ஆகிறது, சோறு "சோற்றில்" ஆகிறது. விளையாட்டு "குடம்" என்று தேடினால் "குடத்திலிருந்து" என்ற சொல்லுக்குள் அது எங்கேயும் இல்லை.

இதைச் சரிசெய்ய எழுதலாம், நாங்களும் கொஞ்சம் எழுதியிருக்கிறோம். ஆனால் லேபிள் வைப்பவருக்கு எளிய வழி, இகரத்திலோ ஐகாரத்திலோ முடியும் சொல்லாகத் தேர்ந்தெடுப்பது. சண்டை, பட்டறை, கடை, வழி. முன்பு "வீடு" என்று வைக்கச் சொன்னேன் அல்லவா, அது ஆங்கிலக் கட்டளை உள்ள விளையாட்டுக்கு. இங்கே "மனை" என்று வையுங்கள். தமிழில் விளையாட்டு எழுதுகிறவர்கள் குடத்தையும் மரத்தையும் கண்டு பயப்படுவது தொல்காப்பியருக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

"மருந்துப்பை"யா "மருந்து பை"யா?

இலக்கணப்படி ஒற்று வேண்டும். லேபிளில் இரண்டுமே வேண்டாம், ஒற்றைச் சொல் வையுங்கள். ஒற்றுப் போடலாமா என்று யோசிக்கும் நேரத்தில் சிலந்தி கடித்துவிடும்.

மட்லெட்ல ஏலியஸ் வச்சுட்டா லேபிளே தேவையில்லையே?

ஏலியஸ் என்பது உங்கள் கணினியில் நீங்கள் வைக்கும் சுருக்கம். மட்லெட், மஷ்கிளையன்ட், டின்டின் என்று மட் ஆடக் கணினியில் போடும் செயலிகள் எல்லாவற்றிலும் உண்டு. "ம" என்று தட்டினால் "பையைத் திற, மருந்தை எடு, குடி" என்ற மூன்று கட்டளையும் போய்விடும்படி செய்யலாம். நானும் வைத்திருக்கிறேன், நல்ல விஷயம். முன்பு சொன்ன மாறாத எண்ணையும் இதற்குள் போட்டு மறந்துவிடலாம்.

ஆனால் அது உங்கள் கணினியில் மட்டும் இருக்கிறது. எம்ஆர்டியில் கைப்பேசியிலிருந்து நுழைந்தால் "ம" என்பது வெறும் "ம". உங்கள் பாத்திரம் எங்கோ மாட்டிக்கொண்டிருக்க, நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது நண்பர் உங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டாலும் அதே கதி; அதை விளையாட்டு அனுமதிக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். லேபிள் பொருளோடு போகும், ஏலியஸ் உங்களோடு போகும். ஏலியஸ் லேபிளைக் கூப்பிடட்டும், "2.பேக்"கைக் கூப்பிட வேண்டாம். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

லேபிள் ஒட்டினேன், மறுநாள் பாத்தா காணோம். பையும் காலி!

இரண்டு தனிப் பிரச்சினை. விளையாட்டில் "தோல் பை" என்று ஒரு அச்சு இருக்கும், உங்கள் கையில் இருப்பது அந்த அச்சில் வார்த்த பிரதி. நீங்கள் வெளியேறும்போது எதையெல்லாம் கோப்பில் எழுதி வைக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம். சர்க்கிள்மட்டின் பழைய முறை, அச்சின் எண்ணையும் சில அளவுகளையும் மட்டும் எழுதும், பெயரை எழுதாது. திரும்பி வரும்போது அச்சின் பெயரே வரும். ராம் வழியில், பெயர் அச்சிலிருந்து மாறியிருந்தால் அதையும் சேர்த்து எழுதும், லேபிள் பிழைக்கும்.

பை காலியானதும் இதே கோப்பால்தான். சர்க்கிளின் அதே பழைய முறையில் எது எதற்குள் இருந்தது என்பதும் எழுதப்படுவதில்லை. கையில் என்னென்ன இருக்கிறது என்று தட்டிப் பாருங்கள், எல்லாம் வெளியே உதிரியாகக் கிடக்கும். போகவில்லை, கொட்டிவிட்டது, அவ்வளவுதான். அந்த மாதிரி இடத்தில் ஒவ்வொரு முறை நுழைந்ததும் அடுக்கி வைக்க ஓர் ஏலியஸ் எழுதிவிடுங்கள்.

தரையில் வைத்த பெட்டி காணோம் என்றால் அது வேறு கதை. சர்வரை நிறுத்தித் தொடங்கும்போது தரையில் இருப்பது பொதுவாகப் போய்விடும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவில் அதைச் செய்தால் நமக்கு அங்கே கோடைக்கால நேரத்தில் நண்பகல் 12, குளிர்காலத்தில் 1 மணி. நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும் நேரம். எல்லாரும் தூங்கும்போது செய்கிறார்கள் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குழுப் பெட்டிக்கு யார் பேர் வைக்கிறது? போன வாரம் சண்டையே வந்துருச்சே.

வந்தது. "பொது" என்று எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு அது "யாரும் எடுக்கலாம்", இன்னொருவருக்கு "எல்லாரையும் கேட்டுத்தான் எடுக்கலாம்". இருவரும் நல்லவர்கள், இருவருக்கும் கோபம்.

என் அம்மா வீட்டில் மைலோ டின்னில் துவரம்பருப்பு இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் டின்னில் என்ன எழுதியிருந்தாலும் கவலையில்லை. மருமகள் வந்த முதல் வாரம் அதைத் திறந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் மூடிவைத்தாள். குழுப் பெட்டியை எப்போதும் அந்த மருமகளை நினைத்துக்கொண்டு பெயரிடுங்கள். பெயர்ச்சொல் வேண்டாம், வினைச்சொல் எழுதுங்கள்: "எடுத்துக்கொள்", "கேட்டு எடு", "போட மட்டும்". நம் கூட்டத்தில் இப்போது இந்த மூன்று பெட்டிதான். "கேட்டு எடு" என்பதில் யாரைக் கேட்பது என்று ஒருவர் கேட்டார். வைத்தவரை. வைக்கும்போது பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிப் போடுங்கள்.

லேபிள் ஒட்டினா திருடன் அதைப் படிச்சுட்டு நேரா அதையே எடுக்க மாட்டானா?

எடுப்பான். டிக்கு வழியில் திருடர்களுக்கு உங்கள் கைச்சரக்கை எட்டிப் பார்க்கும் திறமை உண்டு. பைக்குள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, பையின் பெயர் தெரியும். "வைரம்" என்று எழுதி வைத்தால் நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. நேரத்தின் பெயரை வைக்கச் சொன்னதில் இந்த லாபமும் உண்டு, "பட்டறை" என்ற பையைப் பார்த்து யாருக்கும் வாயில் எச்சில் ஊறாது.

பொய் லேபிள் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பாத்திரத்தின் தந்திரமாக இருந்தால் வைக்கலாம், அது விளையாட்டுக்குள் நடக்கும் விளையாட்டு. விஷக் குப்பியைப் "பால்" என்ற பெட்டியில் போட்டுக் குழு அறையில் வைப்பது வேறு. அதில் செத்தது எதிரி இல்லை, அடுத்த நாள் உங்களோடு சாப்பிட உட்காரும் ஆள்.

ரோல்பிளேல கதை உருக்கமா போய்க்கிட்டு இருக்கும்போது "சண்டை-1"னு பை வந்தா கெட்டுப்போகாதா?

கெட்டுப்போகும், நியாயமான கேள்வி. மூன்றாவது பதிலில் சொன்ன இரட்டைப் பெயரை இங்கே பயன்படுத்துங்கள். திரையில் தெரியும் வருணனை கதைக்கு: "மஞ்சள் நூலால் வாய் கட்டிய பழைய பை". தட்டும் குறிச்சொல் உங்களுக்கு: "சண்டை". பார்க்கிறவர் மஞ்சள் நூலைப் பார்ப்பார், உங்கள் விரல் சண்டையைத் தட்டும். நூலின் நிறத்தை அடையாளமாக வைத்துக்கொண்டால் உங்களுக்கும் ஒரே பார்வையில் பிடிபடும்.

சில விளையாட்டுகளில் குறிச்சொல்லைப் பிறரும் பார்க்க முடியும், அங்கே எண்ணும் கோடும் இல்லாத சாதாரணச் சொல்லாக வையுங்கள். உங்கள் பாத்திரம் எழுத்தறியாத மீனவர் என்றால் அவர் பையில் எழுத்தே இருக்கக்கூடாது. முடிச்சு போட்டு வைக்கட்டும்: ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு. நம் தம்பி அப்படித்தான் ஆடுகிறார், எங்கள் எல்லாருடைய பைகளையும்விட அவருடையதுதான் வேகமாகத் திறக்கிறது.

பார்வையில்லாத நண்பர் ஒருத்தர் சேர்றார். லேபிள்ல ஏதாவது மாத்தணுமா?

மாற்றுங்கள். பார்வையற்ற பலர் மட் ஆடுகிறார்கள். எழுத்து மட்டுமே உள்ள விளையாட்டு திரைபடிப்பானுக்கு இயல்பாக ஒத்துப்போகும். ஆனால் அவர் பட்டியலைக் கேட்கிறார், பார்க்கவில்லை. "*==மருந்து==*" என்று அலங்காரம் செய்தால் நட்சத்திரமும் சமக்குறியும் ஒவ்வொன்றாகக் காதில் விழக்கூடும். அடையாளச் சொல் முதலில் வரட்டும்: "சண்டைப் பை, பழையது, தோல்" என்றால் முதல் சொல்லிலேயே நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகலாம். "ஒரு பழைய கிழிந்த தோலால் ஆன சண்டைப் பை" என்றால் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டும். நூல் நிறம் என்று முன்பு சொன்னது அவருக்கும் சரிதான், நிறம் வருணனையின் தொடக்கத்தில் வந்தால்.

ஏற்கெனவே இருநூறு பொருள் குழம்பிக் கிடக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

எல்லாவற்றையும் தரையில் கொட்டாதீர்கள். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். தரையில் கிடப்பதை யாரும் அள்ளலாம், சர்வர் நின்றால் மொத்தமும் போகும். மதியம் 12 மணிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பான அறையில், கையில் ஒரு காலிப் பையோடு உட்காருங்கள். அதற்குச் "சண்டை" என்று பெயர் வைத்து, பழைய பைகளில் ஒவ்வொன்றாகப் பார்த்து மருந்தையும் வேரையும் மட்டும் இதற்கு மாற்றுங்கள். "கெட் ஆல்.போஷன் பேக்" போன்ற கட்டளை ஒரே வகையை மொத்தமாக எடுத்துத் தரும்.

அன்றைக்கு அத்தோடு விடுங்கள். மறுநாள் "விற்க" பையைத் தொடங்கிக் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள், பாதிச் சுமை அதிலேயே குறையும். மிஞ்சியதற்கு மாதப் பெயர் போட்டு மூடி வையுங்கள்.